அரை அவுன்ஸ்

வியாழன் காலை எட்டு மணிக்குப் பையைக் கட்டிவிடுவேன்.
அதற்குப் பிறகு வருகிறவர்
மன்னரின் மைத்துனரே ஆனாலும்
அடுத்த விமானம்தான். பதினைந்து நாள்.

பாக்தாத் தலைமைத் தபால் நிலையம், மூன்றாம் ஜன்னல்.
என் பெயர் கராபெத். யாரும் கேட்டதில்லை.
கேட்பதெல்லாம் இதுதான்:
"ஆகாயத்தில் போக எத்தனை அணா?"

கடல்வழி என்றால் பஸ்ரா, பம்பாய், ஏடன்.
மேற்கே போக வேண்டிய கடிதம் கிழக்கே போய்த் திரும்பும்,
தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற கதை. நான்கு வாரம்.
ஆகாயவழி ஒன்பது நாள்.
அந்த ஒன்பதில்
ஆகாயத்தில் இருப்பது ஒன்றோ இரண்டோ.
கெய்ரோவில் இறங்கி ரயில் ஏறும்,
அப்புறம் கப்பல், மார்சேயில் மறுபடி ரயில்.
இதை மட்டும் நான் சொல்வதில்லை.
நீல வில்லையை நக்கி ஒட்டியதும்
எல்லோரும் ஒருமுறை
கூரையை அண்ணாந்து பார்க்கிறார்கள்.

மஸூதா வந்தது ஏழே முக்காலுக்கு.
தம்பி மெனாஷி மான்செஸ்டரில், ஜவுளிக் கிடங்கில்.
தராசில் வைத்தேன்.
அரை அவுன்ஸுக்கு மேலே ஒரு கடுகின் கனம்.
அந்தக் கடுகுக்கு இன்னொரு மடங்கு கட்டணம்.
கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து எண்ணினாள்,
எண்ணியதையே திரும்ப எண்ணினாள்.
"கத்தரிக்கோல் இருக்குமா?"

ஓரங்கள் முதலில் விழுந்தன.
தட்டு அசையவில்லை.
எழுத்து எபிரேயம், எனக்குத் தெரியாது. பேச்சு அரபி, தெரியும்.
வெட்டும் முன் ஒவ்வொரு துண்டையும் வாய்விட்டுப் படித்தாள்,
யாராவது ஒருவர் கேட்டு வைக்கட்டும் என்பது போல:
என் கண்ணின் மணியே என்று தொடங்கும் வரி.
வெள்ளத்தில் சரிந்த பின்சுவர்.
சித்தி மகளுக்கு வந்த வரன், வந்த வேகத்தில் போனது.
முருங்கைக்காய் சீவுவது போல
வீட்டையே சீவிக்கொண்டு வந்தாள்.
தட்டு சமனானபோது
மிஞ்சியது உள்ளங்கை அகலம்.
அதை மட்டும் அவள் படிக்கவில்லை.

மேற்கே, புல்லும் வெறுத்த மண்ணில்
டிராக்டர் கிழித்த ஒரு கோடு உண்டு.
கிழித்தவன் யோனான், என் சீட்டாட்டக் கூட்டாளி.
"உலகத்திலேயே நீளமான உழவு என்னுடையது,
ஒரு மணி கோதுமை கண்டதில்லை" என்பான்.
அந்தச் சாலைப் பார்த்தபடியே விமானி பறப்பார்.
இலக்கமிட்ட வட்டத்தில் இறங்கினால்
பெட்ரோல், தேநீர். பிறகு மறுபடியும் சால்.
காற்று மூன்று நாள் நின்று அடித்தால்
உழுதவனுக்கே உழவு தெரியாது.

வெள்ளிக்கிழமை தந்தி: வந்து சேரவில்லை.
சனி: வந்து சேரவில்லை.
திங்களன்று ஒரு லாரி வந்து நின்றது.
உதடு வெடித்த விமானி, ரேடியேட்டர் தண்ணீர் குடித்தவர்,
பையை என் மேசையில் வைத்துவிட்டு
ரசீது கேட்டார்.
கொடுத்தேன்.

பை முழுக்க எஞ்சின் எண்ணெய்.
மஸூதாவின் உறை கண்ணாடி போலத் தெளிந்திருந்தது.
ஐந்து வரி. எல்லாம் தெரிந்தது,
எதுவும் புரியவில்லை.
மறுபடி எடை போட விதியில் இடமில்லை,
கை தன் பழக்கத்தில் போட்டது.
முக்கால் அவுன்ஸ்.
கால் அவுன்ஸ் எண்ணெய், இங்கிலாந்து வரைக்கும்!

இழுப்பறையில் அவள் விட்டுப்போன துண்டுகள் இருந்தன.
குப்பைக்காரன் வரட்டும் என்று வைத்திருந்தேன்,
அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.
கூடுதல் அணாவை என் பையிலிருந்து எடுத்து
இன்னொரு தபால்தலை ஒட்டினேன்.
ஓர் அவுன்ஸ் வரை இனி இடம் உண்டு.

எது கண்ணின் மணி, எது சரிந்த சுவர்,
பார்வைக்கு எல்லாம் ஒரே கிறுக்கல்.
கைக்கு வந்த ஒன்றை
உறைக்குள் தள்ளி ஒட்டினேன்.

மணி ஏழு ஐம்பத்தெட்டு.
ஜன்னலில் யாரோ தட்டுகிறார்கள்.